பின் அச்சு விட்ட மூச்சு

கேம்பல் பே
9 ஜனவரி 2025

அண்ணன் லாரன்ஸ் அவர்களுக்கு டயானா எழுதுவது.

நலம் விசாரித்து ஆரம்பித்தால் நீங்கள் அடுத்த வரிக்கே வரமாட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜீப்பின் பின்பக்கம் அழுகிறது. வேகம் நாற்பதைத் தாண்டினால் காதுக்குள் கொசு புகுந்த மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். பின் சக்கரங்களின் உள்பக்கத்தில் மறுபடியும் எண்ணெய் ஈரம் தெரிகிறது.

'மறுபடியும்' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நடந்ததை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். நீங்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சரிசெய்து கப்பலில் ஏற்றி அனுப்பிய ஜீப் அது. வந்த நாலாம் மாதம், 2023 ஜூலையில், ஜெட்டிக்கு இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்காமல் சுவரில் போய் மோதியது. என் வீட்டுக்காரரின் வலது கால் போயிற்று. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த டிரைவர், பிரேக் ஷூ எண்ணெயில் குளித்திருக்கிறது, எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் சரியாக அடிக்கவில்லை என்றார். நான் உங்களைப் போனில் கூப்பிட்டு, உன் கையால்தான் என் குடும்பம் விழுந்தது என்றேன். அதைத் திரும்பச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. திரும்ப வாங்கிக்கொள்ளவும் எழுதவில்லை.

அவரால் இனி படகில் நிற்க முடியாது. நான்தான் ஜீப்பை ஓட்டுகிறேன். விஜய் நகரிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஜெட்டிக்கும் ஆள் ஏற்றுகிறேன். "தீதி, சலோ" என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் என்னை நம்பித்தான் பின்னால் உட்காருகிறார்கள். இந்த வண்டி நின்றால் எங்கள் அடுப்பும் நிற்கும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஜீப் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மெயின்லேண்ட் போய்விட்டார். இன்னொருவர் அந்த டிரைவர். சீலை மட்டும் இரண்டு முறை மாற்றிவிட்டார், இரண்டு முறையும் ஒழுகிவிட்டது. பின் அச்சுக்குள் இருக்கிற கிரவுன் ஆயிலை முதலில் மாற்றிப் பார் என்கிறார், அவருக்கு நேரமில்லையாம். எப்படி மாற்றுவது என்று எழுதுங்கள், நானே மாற்றுகிறேன். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், திறந்தாலும் சண்டையில்தான் முடியும். காகிதத்தில் கேட்டால் நடுவில் மூன்று நாள் கடல் இருக்கிறது.

நர்ஸ் ஷீலா இந்தக் கப்பலில் வருகிறாள். பதிலை அவளிடம் கொடுங்கள்.

டயானா

*

போர்ட் பிளேர்
20 ஜனவரி 2025

டயானா,

எப்போதிலிருந்து நான் 'நீங்கள்' ஆனேன்? திட்டுவதென்றாலும் 'நீ' என்று திட்டு, பழக்கமாவது இருக்கும்.

உனக்குத் தெரிந்திருக்காது. நான் ஸ்பேனர் பிடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அபர்டீன் பஜாரில் ஜமீல் பாயின் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். பிரேக் வேலை என்று யாராவது ஆலோசனை கேட்டால் ஏதோ தேடுவதுபோல் கடைக்குள் போய்விடுகிறேன். அந்த சீலை அடித்தது என் கை. விளிம்பு சமமாக உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. எங்கே தவறினேன் என்று தினமும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை. எங்கே தவறினோம் என்று தெரியாதவன் மறுபடி பிரேக்கைத் தொடக்கூடாது. அவ்வளவுதான்.

இனி வேலை. மூன்று லிட்டர் கியர் ஆயில், இரண்டு செம்பு வாஷர், கைப்பம்பு, ரப்பர் குழாய் எல்லாம் பிஸ்கட் டின்னில் வைத்து ஷீலாவிடம் தருகிறேன். வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டி வா. சூடான எண்ணெய்தான் முழுசாக இறங்கும். சமதளத்தில் நிறுத்து, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. பின் அச்சின் நடுவில் பூசணிக்காய்போல் உருண்டிருப்பதுதான் கிரவுன். அதில் இரண்டு போல்ட் அடைப்புகள். மேலே இருப்பது ஊற்றுகிற வழி, அடியில் இருப்பது வடிக்கிற வழி. முதலில் மேலே இருப்பதைத் திற. இதை மட்டும் மாற்றிச் செய்யாதே. கீழே வடித்துவிட்டு மேலே திறக்காமல் இறுகிக்கொண்டால், எண்ணெய் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பாய்.

வடிந்த பின் கீழ் அடைப்பைத் துடைத்துப் புது வாஷரோடு மூடு. மேல் துளை வழியே புது எண்ணெயை அடி. துளையின் வாயில் வந்து சொட்டும்போது நிறுத்து. பழைய எண்ணெயைக் கடற்கரையில் கொட்டாதே, டப்பாவில் வை.

இன்னொன்று. இது வேலைக்கு வேண்டியதில்லை, ஆனாலும் செய். ஊற்றுவதற்கு முன் அச்சைத் தூக்கிக் கட்டைமேல் வை, படகு ஏற்றுகிற படாக் மரக் கட்டை போதும். கியரில் போட்டுவிட்டு ஒரு பின் சக்கரத்தைக் கையால் முன்னால் சுற்று. மற்றதைப் பார். எஞ்சினிலிருந்து வருவது ஒரே தண்டு, அது சுற்றுவது ஒரே சுற்று. ஆனால் வளைவில் வெளிச் சக்கரம் அதிகம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். யாரும் கணக்குச் சொல்லாமல், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அந்தந்தச் சக்கரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறது அந்த உருண்டை. எத்தனையோ கிரவுன்களைத் திறந்திருக்கிறேன். ஒருமுறைகூட அலட்சியமாகப் பார்க்க முடிந்ததில்லை.

கட்டையிலிருந்து இறக்கி, நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும்.

லாரன்ஸ்

*

கேம்பல் பே
4 பிப்ரவரி 2025

அண்ணா,

செய்துவிட்டேன். கைவிரல் நகத்தில் இன்னும் கறுப்பு போகவில்லை. அந்த எண்ணெய் நாற்றம் சோப்புக்கெல்லாம் மசியவில்லை. ஞாயிறு பூசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். ஆனால் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, சொல்லப்போனால் திமிராகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஓடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் படுதா விரித்து அடியில் புகுந்தேன். மேல் அடைப்பு அசையவே இல்லை. ஸ்பேனரில் தண்ணீர்க் குழாயைச் சொருகி இரண்டு காலையும் அச்சில் ஊன்றி இழுத்தேன். சட்டென்று இளகியது. அடுத்த நொடி புஸ்ஸென்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்துக் கத்தாமல் இருந்ததற்குக் காரணம் வாய் நிறைய எண்ணெய்த் துளி. அந்தச் சத்தம் நீளமாக வந்தது, அண்ணா. பத்து எண்ணலாம். இவ்வளவு நாளும் உள்ளே ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்து, நான் திறந்ததும் விட்டதுபோல் இருந்தது. பயத்தில் ஆரம்பித்து, கடைசியில் நான் கையைக்கூட அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே வடித்தது எண்ணெய் மாதிரியே இல்லை. பால் விட்ட டீ நிறத்தில் இறங்கியது. கீழ் அடைப்பின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் இரும்புத் தூள் மீசைபோல் நின்றது, ஆனால் துண்டாக எதுவும் இல்லை.

மேல் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். என்ன சொல்வேன். அத்தனை அழுக்கான வண்டிக்குள் அப்படி ஒரு பளபளப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள். பல் பல்லாக வளைந்த சக்கரம், ஒவ்வொரு பல்லும் கண்ணாடி மாதிரி. சேற்றிலும் ஓடையிலும் நான் அதை இழுத்து அடித்திருக்கிறேன். அதுபாட்டுக்கு இருட்டில் எங்களைச் சுமந்திருக்கிறது. கோயிலில் நற்கருணைப் பேழை திறக்கும்போது வருகிற ஒரு அமைதி வந்தது. பாவம் என்றால் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் நீ சொன்னதைச் செய்தேன். என் வீட்டுக்காரர் அந்த விபத்துக்குப் பிறகு ஜீப் பக்கமே வருவதில்லை. அன்றைக்கும் பின்வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு வலை முடைந்துகொண்டிருந்தார். நான் இடது சக்கரத்தை முன்னால் சுற்றினேன். குனிந்து பார்த்தால், வலது சக்கரம் பின்னால் சுற்றுகிறது! நான் சுற்றச் சுற்ற அது எதிர்ப்பக்கம் போகிறது. "இங்கே வந்து இதைப் பாருங்கள்" என்று கூப்பிட்டேன். என் குரலில் என்ன இருந்ததோ, வந்துவிட்டார். தடியைச் சாய்த்துவைத்து அந்தப் பக்கம் உட்கார்ந்து, சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். நான் இந்தப் பக்கம் மெதுவாகச் சுற்றினேன். "டயானா, என் கைக்குள்ள நகருது" என்றார். ஒன்றரை வருஷத்தில் அவர் ஆச்சரியப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. அரை மணி நேரம் சின்னப் பிள்ளைகள்போல் சுற்றிக்கொண்டிருந்தோம்.

புது எண்ணெய் ஊற்றியாயிற்று. கீச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் சக்கரத்தின் உள்பக்க ஈரத்துக்கு என்ன செய்வது? இப்போதைக்கு ஆள் ஏற்றவில்லை.

டயானா

*

போர்ட் பிளேர்
14 பிப்ரவரி 2025

டயானா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். புஸ்ஸென்ற சத்தம் என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். ஜமீல் பாய் ஊரில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார். ஊர்ச் செய்தி இல்லை பாய், வேறே ஒரு செய்தி என்றேன்.

அந்தச் சத்தம் வரக்கூடாது. வரவே கூடாது.

பின் அச்சுக் குழாயின் மேல்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதற்குள் தீக்குச்சித் தலை போகிற அளவுக்கு ஒரு துளை. பிரீத்தர் என்போம். ஓடும்போது உள்ளே சூடாகிறது, காற்று விரிகிறது, அந்தத் துளை வழியாக வெளியே போகிறது. நின்று குளிர்ந்தால் திரும்ப உள்ளே வருகிறது. இரும்பு அச்சுதான், ஆனால் மூச்சு விட வேண்டும். அந்தத் துளை அடைபட்டால் காற்றுக்கு வேறு வழியில்லை. எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் அதைத் தள்ளிக்கொண்டு, எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். வந்தால் நேராகப் பிரேக்கில்தான் விழும். சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். நீ பார்த்த டீ அதுதான்.

புரிகிறதா? சீல்மேல் குற்றமே இல்லாமலும் இருக்கலாம்.

கப்பலில் ஏற்றுவதற்கு முன் அந்தத் துளையை நான் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். செய்ததாகத்தான் ஞாபகம். ஆனால் இப்போதெல்லாம் என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை. அடியில் புகுந்து, விரலால் தடவிப் பார். மண் அடைத்திருந்தால் நான் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம், அப்படியே எழுது. வேறு ஏதாவது இருந்தால் அதையும் எழுது. என்னவாக இருந்தாலும் எழுது. ஒன்றரை வருஷமாக என் தூக்கத்தை வாங்கிய கேள்வி, தீக்குச்சித் தலை அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

லாரன்ஸ்

*

கேம்பல் பே
24 பிப்ரவரி 2025

அண்ணா,

பார்த்தேன். துளை சுத்தமாக இருக்கிறது.

இங்கே இரண்டு நாளாகக் காற்று அதிகம். கப்பல் வருமா வராதா என்று ஜெட்டியில் யாருக்கும் தெரியவில்லை. அவர் நன்றாக இருக்கிறார். ஜீப்பின் அடியில் அவரும் இப்போது எட்டிப் பார்க்கிறார், தினமும் ஒரு சந்தேகம் கேட்கிறார். எனக்குத் தலைவலி. அதிகம் எழுத முடியவில்லை.

டயானா

*

போர்ட் பிளேர்
6 மார்ச் 2025

டயானா,

சரி. துளை சுத்தமாக இருந்தால் குற்றம் என் கையில்தான். சீல் உட்காரும் இடத்தையே நான் கெடுத்திருப்பேன், அதனால்தான் டிரைவர் மாற்றியதும் நிற்கவில்லை. வேறு வழியில்லை. உண்மையைப் பார்த்துச் சொன்னாயே, அதற்கு நன்றி. நடுவில் பத்து நாள் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. காலையில் எழுந்து டூல் பாக்ஸைத் திறந்து ஸ்பேனர்களைத் துடைத்தேன். உன் அண்ணி கிளாரா பார்த்துவிட்டுக் காபி கொண்டுவந்து வைத்தாள். இப்போது அவளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பம்பூஃப்ளாட்டில் சுரேந்திரன் என்று ஒருவர் புதிதாக ஒர்க்‌ஷாப் போட்டிருக்கிறார். டூல் பாக்ஸை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறார். நல்ல மனிதர், நல்ல கைகளுக்குத்தான் போகிறது.

நீ ஜீப்பை ஓட்டாதே. இரண்டு பக்கமும் சீல், ஷூ எல்லாம் மாற்ற வேண்டும். தெரிந்த ஒருவரை இங்கிருந்து அனுப்பப் பார்க்கிறேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். மன்னிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கேட்டேன் என்று சொல்.

லாரன்ஸ்

*

கேம்பல் பே
15 மார்ச் 2025

அண்ணா,

உன் எண்ணுக்கு நாலு தடவை போன் அடித்தேன். இன்னும் என்னைத் தடுத்துத்தான் வைத்திருக்கிறாய். ரூபா டீச்சர் நாளை ஹெலிகாப்டரில் வருகிறார், அவரிடம் இதைத் தருகிறேன். படித்து முடிக்கும் முன்னால் சுரேந்திரனைக் கூப்பிட்டு டூல் பாக்ஸ் கிடையாது என்று சொல்லிவிடு. சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

துளை சுத்தமாக இருக்கிறது என்று எழுதினேன். நான் சுத்தம் செய்த பிறகு எழுதினேன்.

அதன்மேல் எம்சீல் இருந்தது. படகில் ஓட்டை அடைப்பார்களே, பிசைந்து அப்பினால் கல்லாக இறுகுமே, அதுதான். மூடியோடு சேர்த்து நன்றாக அப்பி, மேலே கட்டைவிரலால் அழுத்தியிருந்தது. உளியால் தட்டிப் பெயர்த்தபோது ஒரே கட்டியாகக் கையில் வந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். விரல் ரேகை ஒவ்வொரு கோடாகப் பதிந்திருந்தது. குறுக்கே ஒரு பழைய தழும்பு. அந்தத் தழும்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? தூண்டில் அவர் விரலை அறுத்த நாளில் நான்தானே துணி சுற்றினேன்.

கட்டியைத் தையல் பெட்டிக்குள் போட்டுவிட்டு உனக்கு அந்த நாலு வரியை எழுதினேன். ஒரு பக்கம் உன் கை, ஒரு பக்கம் அவர் கால். காலை இழந்தவரிடம் போய் நீங்களே இழந்தீர்கள் என்று எப்படிச் சொல்வேன்? நீ தூரத்தில் இருக்கிறாய், ஏற்கனவே உன்னை அடித்தாயிற்று, இன்னும் ஒரு அடி தாங்குவாய் என்று நினைத்துவிட்டேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று உன் கடிதம் வந்தது. "மச்சான் என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார். உன் பேரைச் சொல்லி ஒன்றரை வருஷமாகக் கேட்காதவர். படித்துக் காட்டினேன். மன்னிப்பு என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுந்து போய்த் தையல் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

கட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தன் கட்டைவிரலை அந்தக் குழிக்குள் வைத்தார். அச்சாக உட்கார்ந்தது. வைத்த விரலை எடுக்காமல் நெடுநேரம் இருந்தார்.

அப்புறம் சொன்னார். ஜீப் கப்பலிலிருந்து இறங்கிய அன்று கடல் ஓதம் ஏறி ரோட்டில் தண்ணீர் நின்றதாம். அடியில் புகுந்து ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்திருக்கிறார், படகைத் தடவுவதுபோல. அந்தத் துளை கையில் தட்டுப்பட்டிருக்கிறது. மச்சான் எல்லாம் பார்த்தவர், இதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாரே என்று நினைத்தாராம். உனக்குச் சங்கடமாக இருக்குமே என்று யாரிடமும் சொல்லாமல் அடைத்துவிட்டாராம். கடலில் போகிறவருக்கு ஓட்டை என்றால் சாவு, அண்ணா. எங்களைக் காப்பாற்றுவதற்குத்தான் அடைத்திருக்கிறார்.

என்னைத் திட்டுவார், அல்லது அழுவார் என்று காத்திருந்தேன். கட்டியைக் கீழே வைத்தார். "பேப்பர எடு" என்றார். "மச்சானுக்கு எழுது. அடச்சது நான். அவரு கையில ஒரு குத்தமும் இல்ல. ஜோஸ்வா சொன்னான்னு எழுது, நீ சொன்னதா எழுதாத."

அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். இந்த நாற்பது வயதில், பத்து வருஷம் கூடவே வாழ்ந்த மனிதரை நேற்றுத்தான் முதல்முறை பார்த்ததுபோல் உட்கார்ந்திருந்தேன்.

போனில் நான் உன்னைச் சொன்னதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கொடுப்பாயா?

டயானா

*

போர்ட் பிளேர்
22 மார்ச் 2025

அன்புள்ள டயானாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

நீ சொன்னபடியே சுரேந்திரனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். பிறகு கிளாராவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக அந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தேன், தங்கச்சி.

மாப்பிள்ளை, உங்களுக்கு ஒரு வார்த்தை. யாரும் கேட்கவில்லை, டயானாவைத் தவிர யாருக்கும் தெரியாது, அந்தக் கட்டியைக் கடலில் வீசியிருந்தால் முடிந்தது. நீங்கள் விரலை வைத்துப் பார்த்து, அடைத்தது நான் என்றீர்கள். நான் அதைச் செய்திருப்பேனா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், தைரியமாகப் பதில் சொல்ல முடியவில்லை. உங்களிடம் நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். படகுக்காரர் வீட்டுக்கு வண்டி அனுப்புகிறவன், இந்த ஒரு ஓட்டையை மட்டும் அடைக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். அது மட்டும் என் கணக்கில் இருக்கட்டும், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

டயானா, போனில் சொன்னதைத் திரும்பக் கொடுத்தாயிற்று. உன் எண்ணையும் திறந்துவிட்டேன், ஆனால் கூப்பிடாதே. புதன்கிழமைக் கப்பலில் எனக்குப் பங்க் படுக்கை கிடைத்திருக்கிறது. சீல், ஷூ, பிரீத்தர் எல்லாம் ஜமீல் பாய் கட்டிக் கொடுத்துவிட்டார். பின் சக்கரத்தை யாரும் தொட வேண்டாம். பிரேக்கை நான் போடுகிறேன்.

அண்ணன்
லாரன்ஸ்